இரும்பு தொடாத நாள்

(ஆவணி மாதத்தில் நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆவணி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே நாகராஜா கோயிலில் பாலும் மஞ்சள்பொடியுமாகப் பெண்கள் வந்து நிறைந்துவிடுகிறார்கள். மரத்தடியில் இருக்கிற நாகர் சிலைகள் பாலில் நனைந்து மஞ்சளாக நிற்கின்றன. வரிசையில் நிற்கும் ஓர் அக்காவிடம் 'ஏன் ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அது நாகருக்க நாளுல்லா' என்பார். அதற்குமேல் விளக்கம் வராது. அவருக்கு விளக்கம் தேவையும் இல்லை.

இன்று நான் பேச வந்தது அந்தப் பதிலைப் பற்றித்தான். வாரத்தில் ஒரு நாள் பாம்புக்கு உரியது. இன்னொரு நாள் இசக்கியம்மனுக்கு உரியது. மாதத்தில் ஒரு நாள் இறந்துபோன முன்னோருக்கு உரியது. மனிதனுக்கு உரியதாக எஞ்சுவது மிச்ச நாட்கள். காலத்தை இப்படிப் பங்கு போட்டுப் பார்த்த மனம் எப்படிப்பட்டது? அந்தப் பங்கீட்டில் நாம் இன்று எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம், எதைக் கைவிட்டோம்? இதைப் புரிந்துகொள்ள உங்களைக் கொஞ்ச நேரம் வெகுதூரம் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கினி வளைகுடாவை ஒட்டி கானா என்ற நாடு இருக்கிறது. பக்கத்தில் ஐவரி கோஸ்ட். இந்த இரண்டு நாடுகளிலும் பரவி வாழும் பெரிய மக்கள் கூட்டம் அகான். அசாந்தே, ஃபாந்தே, போனோ, அச்செம் என்று அவர்களுக்குள் பல பிரிவுகள். அகான் குழந்தைக்கு முதல் பெயர் அது பிறந்த கிழமையால் வருகிறது. வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் அப்படிப் பெயர் பெற்றவர். சனியன்று பிறந்தவன் குவாமே. கானாவுக்கு விடுதலை வாங்கித் தந்த குவாமே என்குருமாவின் பெயர் அது. மனிதருக்கு மட்டும் என்றில்லை, அவர்கள் கணக்கில் பூமிக்கும் பிறந்த கிழமை உண்டு. அசாந்தே மக்கள் பூமித்தாயை அசசே யா என்கிறார்கள். யா என்பது வியாழனன்று பிறந்த பெண்ணின் பெயர். கடற்கரையில் வாழும் ஃபாந்தே மக்களுக்கு அவளே அசசே எஃபுவா, வெள்ளிக்கிழமை பிறந்தவள்.

அந்தப் பூமித்தாய்க்குப் பொதுவாகக் கோயில் கிடையாது, பூசாரி கிடையாது, சிலையும் கிடையாது. அவளுக்குச் செய்யும் மரியாதை ஒன்றே ஒன்றுதான். அவளுடைய கிழமையில் மண்ணைக் கொத்துவதில்லை. வியாழக்கிழமை அசாந்தே விவசாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகக்கூடாது. மற்ற நாட்களில்கூட, பிணம் புதைக்கக் குழி தோண்டும் முன் தரையில் மதுவோ நீரோ ஊற்றி அவளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

கடலுக்கும் அப்படித்தான். ஃபாந்தே கரையில் செவ்வாய்க்கிழமை வலை இறங்காது. அது கடல் தெய்வத்துக்கு உரிய நாள். இன்று அந்தக் கரையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஆனாலும் செவ்வாயன்று படகுகள் மணலில் கிடக்கின்றன. ஆண்கள் வலை பழுது பார்க்கிறார்கள்.

குமாசி நகரத்துக்குத் தென்கிழக்கே பொசும்துவே என்று ஓர் ஏரி. விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது. நிகழ்ந்து பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும் என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள். குறுக்களவு சுமார் 8 கிலோமீட்டர். அந்த ஏரியைத் தெய்வமாகக் கொண்ட அசாந்தே மக்கள் இரும்புத் தூண்டில் முள்ளை அதன் தண்ணீரில் போடக்கூடாது என்று விதி வைத்தார்கள். படகு கட்டி ஓட்டவும் கூடாது. ஒரு தடிமரப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையாலேயே துழாவிப் போய் மீன் பிடித்தார்கள். இன்று வலைகள் வந்துவிட்டன. அந்தப் பலகைகளும் இன்னும் இருக்கின்றன. 2016-இல் யுனெஸ்கோ அந்த ஏரிப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

அகான் நாட்காட்டியையும் சொல்ல வேண்டும், அது அழகான கணக்கு. அவர்களிடம் ஆறு நாள் வாரம் ஒன்று பழைய காலத்திலிருந்தே இருந்தது. ஏழு நாள் வாரமும் இருந்தது. இரண்டையும் பிணைத்தால் ஆறேழு நாற்பத்திரண்டு. அந்த 42 நாள் சுற்றுக்கு அடாடுவானன் என்று பெயர். அதற்குள் சில நாட்கள் வயல் வேலை விலக்கப்பட்ட நாட்கள். சில நாட்கள் முன்னோருக்கு உரியவை. 42 நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் வரும் அக்வசிடே அன்று குமாசி அரண்மனையில் அசாந்தே மன்னர் சபை கூடும். முன்னோர் அமர்ந்த ஆசனங்களுக்கு உணவு படைப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரியாக அங்கே போன ஆர். எஸ். ராட்ரே என்பவர் இவற்றையெல்லாம் அருகில் இருந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பேசும் முரசு செய்ய மரம் வெட்டப் போகிறவன் முதலில் அந்த மரத்துக்கு முட்டை படைத்து, கோடரி படப்போவதற்காகப் பொறுக்கச் சொல்லி வேண்டிக்கொள்வதை அவர் பதிவு செய்தார்.

மண்வெட்டி, வலை, தூண்டில் முள், கோடரி. கவனியுங்கள், எல்லா விதியும் மனிதன் கையில் இருக்கும் கருவியைப் பற்றியே பேசுகிறது. என்ன நினைக்க வேண்டும், என்ன நம்ப வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. இந்த நாளில் இந்தக் கருவியைக் கீழே வை என்று சொல்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

நாகராஜா கோயிலின் தலவரலாறு உங்களுக்குத் தெரியும். புல் அறுக்கப் போன ஒரு பெண்ணின் அரிவாள் பாம்பின் தலையில் பட்டு ரத்தம் வந்தது. அவள் ஓடிப்போய் ஊரைக் கூட்டி வந்தாள். அந்த இடமே கோயிலாயிற்று. மண்டைக்காட்டுப் பகவதியின் கதையும் இதற்கு நெருங்கியது. அங்கே மூலஸ்தானத்தில் இருப்பது மனிதர் உயரத்தைவிட ஓங்கி வளர்ந்த ஒரு புற்று. அந்தப் புற்றில் அடிபட்டு ரத்தம் கசிந்தது, சந்தனம் பூசி ஆற்றினார்கள், அதன்பின் வழிபாடு தொடங்கியது என்று சொல்கிறார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் போய் விசாரித்தால் இதே கதை வேறு வேறு ஊரில் வேறு வேறு பெயரில் வரும். அரிவாள் தீட்டப் போன கல்லில் ரத்தம், கிழங்கு தோண்டிய இடத்தில் ரத்தம். இந்தக் கதைகளை நாம் அற்புதக் கதைகள் என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அவற்றில் தெய்வம் எப்படி வெளிப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மனிதன் கையிலிருந்த இரும்பு பட்டுக் காயப்பட்டபோதுதான் அது தன்னைக் காட்டுகிறது. 'இங்கே ஓர் உயிர் இருக்கிறது, நீ அறியாமல் வெட்டிவிட்டாய்' என்பதே நம் மண்ணில் தெய்வம் பேசிய முதல் பேச்சு. பொசும்துவே ஏரியில் இரும்பு முள் போடாதே என்று சொன்ன மனமும் நம்முடைய மனமும் ஏறக்குறைய ஒன்றேதான் என்பது என் துணிபு.

நாகராஜா கோயிலில் இன்னொன்று பாருங்கள். கருவறைக்கு ஓலைக்கூரை. ஆண்டுதோறும் பழையதைப் பிரித்துப் புதிதாக வேய்கிறார்கள். அந்தக் கூரைக்குள் ஒரு பாம்பு காவல் இருப்பதாக நம்பிக்கை. உள்ளே தரை ஈரமண். அந்த மண்ணையே பிரசாதமாகத் தருகிறார்கள். அது ஆறு மாதம் கறுத்தும் ஆறு மாதம் வெளுத்தும் இருக்கும் என்பார்கள். எத்தனையோ மன்னர்கள் வந்தார்கள், எவ்வளவோ செல்வம் இருந்தது. ஆனாலும் அந்தக் கருவறைக்குக் கல்கூரை போடவில்லை, தரைக்குத் தளம் போடவில்லை. மண்ணின் ஈரத்தை ஈரமாகவே விட்டார்கள். ஓர் இடத்தைப் புனிதமாக்குவது என்றால் அதை அப்படியே விடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று நாம் செய்யும் திருப்பணிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் நோகிறது.

அந்தக் கோயில் ஒரு காலத்தில் சமணர்களிடம் இருந்தது. தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணத் துறவியர் பெயர்கள் வருகின்றன. பிறகு கோயில் கை மாறியது. அனந்தகிருஷ்ணனுக்கும் சிவனுக்கும் சன்னிதிகள் உள்ளன, தை மாதம் தேரோடுகிறது. தத்துவம் மாறியது, பூசை செய்பவர் மாறினார், பாம்பு மாறவில்லை. கிறித்தவரான பின்னும் செவ்வாயன்று வலை இறக்காத ஃபாந்தே மீனவரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மக்கள் கூட்டம் தன் சமயத்தை மாற்றிக்கொள்ளும்போதுகூடத் தன் நாளையும் இடத்தையும் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை.

நமக்குத் தனி நாட்காட்டி உண்டு என்பதை இளையவர்கள் மறந்து வருகிறீர்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டுதான் நம் பத்திரங்களிலும் வீட்டுச் சுவடிகளிலும் இருந்தது. அதில் மாதங்களுக்கு ராசிகளின் பெயர். நாஞ்சில் நாட்டு வயலுக்கும் அந்தப் பெயர்களே ஏறின. கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. அறுப்புக்குமுன் ஆடியில் நிறைபுத்தரிசி. புதுக்கதிரைக் கோயிலில் வைத்துப் பூசித்து, ஆளுக்கு ஒரு பிடி வாங்கிவந்து வீட்டு நிலையில் கட்டிவைப்போம். கதிர் முதலில் தெய்வத்துக்கு, பிறகுதான் நமக்கு. அகான் மக்களும் புதுக் கிழங்கை முன்னோருக்குப் படைக்காமல் வாயில் வைப்பதில்லை. ஒட்விரா என்ற பெருவிழாவே அதற்காக.

குழித்துறையில் தாமிரபரணிக் கரையில் ஆடி அமாவாசைக்கு வாவுபலி. முன்னோருக்குப் பலியிட்டுவிட்டுத் திரும்பும்போது ஜனங்கள் செடி வாங்கிப் போவார்கள். வாவுபலிப் பொருட்காட்சி என்றாலே மா, பலா, தென்னை, மிளகுக்கொடி என்று கன்றுகள் விற்கும் இடம் என்றுதான் நம் வீடுகளில் நினைவு. செத்தவருக்குச் சோறு வைத்த கையோடு ஒரு கன்றை நடுவது எவ்வளவு அர்த்தமுள்ள வழக்கம்! இதை யாரும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை.

இனி நம் ஊர்த் தெய்வங்களின் கொடை விழாவுக்கு வருகிறேன். கொடை என்றால் செவ்வாய் அல்லது வெள்ளி. முந்தின இரவு குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, நள்ளிரவில் சாமக் கொடை. வில்லும் குடமும் உடுக்கும் தாளமும் கட்டையும் சேர்ந்து கதை ஏறும். சாமியாடும் கோமரத்தாடி கமுகம்பூவை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு ஆடுவார். மண்டைக்காட்டில் மாசிக் கொடை ஞாயிறு தொடங்கிப் பத்து நாள் நடந்து செவ்வாயில் முடிகிறது. கடைசி இரவின் ஒடுக்கு பூசையில் சமைத்த உணவுகளை வெள்ளைத் துணியால் மூடி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அத்தனை பெரிய கூட்டமும் அப்போது பேச்சடங்கி நிற்கும். பெண்கள் இருமுடி கட்டி வரும் கோயில் அது. தாழக்குடிக்கு அருகே ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்களில் பெண்களே அடுப்புக் கூட்டிக் கூழும் கொழுக்கட்டையும் செய்கிறார்கள். வீடுகளில் நடக்கும் ஔவையார் நோன்பும் செவ்வாய் இரவில்தான். உப்பில்லாக் கொழுக்கட்டை. ஆண்பிள்ளைகள் பார்க்கக்கூடாது, கைக்குழந்தையானாலும் வெளியேதான். 'அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி' என்று நம் ஆச்சிமார் சொல்லி வைத்தார்கள். வருடத்தில் மூன்று வாய்ப்பு, மூன்றையும் விட்டுவிடாதே என்பதற்காக.

இயற்கைத் தெய்வம் என்று நான் இவற்றை ஒரே சொல்லில் அடக்கினால் அது தவறாகும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அகான் மக்களின் ஆற்றுத் தெய்வங்களும் ஏரித் தெய்வங்களும் நியாமே என்ற பெருங்கடவுளின் பிள்ளைகள். மேலிருந்து வந்தவை. நம் மரத்தடித் தெய்வங்களில் பல கீழிருந்து வந்தவை. அநியாயமாகச் செத்த மனிதர்கள் அவர்கள். கள்ளியங்காட்டு நீலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வதிபுரம் பக்கம் நாம் தினமும் கடந்து போகும் இடம். நகைக்காக நம்பி வந்த பெண்ணைக் காட்டில் கல்லைப் போட்டுக் கொன்றான் ஒருவன். பார்க்க யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி என்று சொல்லிச் செத்தாள் அவள். மறுபிறவியில் நீலியாக வந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்ந்தாள். ஊர்ப்பஞ்சாயத்தில் அந்தப் பிள்ளை அவனை அப்பா என்றது. பழி தீர்ந்தது. பிறகு அவள் இயக்கியானாள், இசக்கியானாள்.

நான் படித்தவற்றுள் இதைப் போல என்னை உலுக்கிய கதை வேறில்லை. ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல இல்லாதபோது ஒரு செடி சாட்சி சொல்கிறது. காட்டுச்செடிக்குக் கண் உண்டு, நினைவு உண்டு, நீதி உண்டு என்று வில்லடித்துப் பாடிய சமூகம் இது. இசக்கி நிற்கும் மரத்தை வெட்ட ஆள் வரமாட்டான் என்றால் அது வெறும் பேய்ப் பயமாக இருக்க முடியாது. அந்த மரத்தை வெட்டினால் ஒரு பெண்ணுக்கு இரண்டாம் முறை அநியாயம் செய்ததாகும். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அ.கா. பெருமாள் தம் வாழ்நாள் உழைப்பாக இத்தெய்வங்களின் கதைகளைத் தொகுத்துத் தந்திருக்கிறார். அவர் நூல்களை வாங்கி வீட்டில் வையுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மலைமேல் போனால் பேச்சிப்பாறையைச் சுற்றிக் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் நமக்கு மூத்தவர்கள். காட்டைத் திருத்தி விதைக்கும் முன் மலைத் தெய்வங்களுக்குக் கொடுதி கொடுப்பது அவர்கள் வழக்கம். பிலாத்தி என்ற பூசகர் கொக்கறை என்ற இசைக்கருவியை இழைத்துக்கொண்டு சாற்றுப்பாட்டுப் பாடுவார். கொக்கறை இரும்பால் ஆனது. காட்டுக்குள் இரும்பைக் கொண்டுபோகும் முன் அந்த இரும்பையே பாட வைத்து அனுமதி கேட்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இப்படி அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. இது என் வாசிப்பு மட்டுமே.

இந்த வழக்கங்களில் எல்லாமே போற்றத்தக்கவை என்று நான் சொல்ல மாட்டேன். காவு என்னும் தெய்வச் சோலைக்குள் யார் வரலாம், கோயில் படியை யார் மிதிக்கலாம் என்பதில் சாதி இருந்தது. பயத்தைக் காட்டி ஏழைகளிடமிருந்து ஆட்டையும் கோழியையும் பிடுங்கிய பூசாரிகளும் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் இதைத்தான் எதிர்த்தார். பலியிடாதே, காணிக்கை போடாதே, பேய்க்குப் பயப்படாதே என்றார். அதே ஐயா முத்திரிக் கிணற்றைத் தோண்டி எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கச் செய்தார். பயத்தை எடுத்துவிட்டு நீரின் புனிதத்தை வைத்துக்கொண்டார். அவர் வழியில் இன்றும் ஞாயிறு விசேஷ நாள். பயம் போனால் புனிதமும் போய்விடும் என்று கவலைப்படுகிறவர்களுக்குச் சாமித்தோப்புதான் பதில்.

நம் கடற்கரை கத்தோலிக்கக் கடற்கரை. ஞாயிறன்று பல ஊர்களில் கடலுக்குப் போகமாட்டார்கள். அரசும் தன் பங்குக்கு ஓய்வு வைத்திருக்கிறது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகு இறங்கக்கூடாது. இரண்டு தடைக்காலமும் நடப்பது தமிழ்நாட்டில் நம் மாவட்டத்தில் மட்டுமே. சின்னமுட்டத்தில் படகு நிற்கும்போது குளச்சலில் ஓடும். பிறகு குளச்சல் நிற்கும், சின்னமுட்டம் ஓடும். கானாவில் அரசு 2019-இல்தான் நாட்டுப்படகுகளுக்கும் சேர்த்து மூடுகாலம் கொண்டுவந்தது. செவ்வாய் விலக்கு அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. சட்டம் போட்ட விலக்கை மீறத் துணிகிறவன் தெய்வம் போட்ட விலக்கை மீற யோசித்தான். இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது என்று அவர்கள் அனுபவம் காட்டுகிறது.

கானாவின் நடுப்பகுதியில் போவாபெங், ஃபியமா என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். அங்கே குரங்குகள் தெய்வத்தின் பிள்ளைகள். குரங்கு செத்தால் மனிதருக்குச் செய்வதுபோல அடக்கம் செய்வார்கள். 1970-களில் புதிய சமயக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள், இந்த நம்பிக்கை தங்களைக் கட்டுப்படுத்தாது என்று குரங்குகளைக் கொல்லத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் அரசிடம் போனார்கள். வட்டார நிர்வாகம் குரங்கைக் கொல்லக்கூடாது என்று விதி போட்டது. இன்று அது சரணாலயம். வெளிநாட்டவர் வந்து பார்த்துப்போகிறார்கள். நம்பிக்கை தளர்ந்த இடத்தில் சட்டம் வந்து தோள் கொடுத்தது. நம்பிக்கை முதலில் இல்லாதிருந்தால் சட்டம் காப்பாற்ற ஒரு குரங்கும் மிஞ்சியிருக்காது.

அங்கே இடம் காப்பாற்றப்பட்டது. நம் நிலைமை இதற்கு நேர்மாறானது. நமக்கு நாளில் குறையே இல்லை. ஆவணி ஞாயிற்றுக்கு வருடாவருடம் கூட்டம் பெருகுகிறது. மண்டைக்காட்டுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். கொடைக்கு வசூலும் ஒலிபெருக்கியும் ஏறிக்கொண்டே போகின்றன. கை விட்டுப்போனது இடம். காவு இருந்த வீடுகளில் தென்மேற்கு மூலையில் இன்று நாகர் சிலை இருக்கிறது, அதைச் சுற்றி ஓடு பதித்த மேடையும் இரும்புக் கம்பி வேலியும் இருக்கின்றன. ஏழிலைப்பாலையும் காஞ்சிரமும் கொடிகளும் பின்னிக் கிடந்த அந்த மூலையில் இப்போது ஒரு புல்லும் முளைக்காது. ஆயில்ய நாளில் நாகருக்கு நூறும் பாலும் படைக்கிறோம், அந்தப் பால் யாருக்காகவோ அந்தப் பாம்புக்கு ஒளிய ஒரு பொந்து வைக்கவில்லை. நெல் விளைந்த வயலில் மனையளந்து கல் நட்டிருக்கிறோம். அந்த மனையில் கட்டிய வீட்டின் நிலையிலேயே நிறைபுத்தரிசிக் கதிரைக் கட்டுகிறோம். நான்குவழிச் சாலை வேலையில் குளங்கள் நறுக்குப்பட்டதை நாமெல்லாரும் பார்த்தோம். மறுபக்கம், 2022-இல் சுசீந்திரம்-தேரூர் நீர்நிலையும் வேம்பனூர் குளமும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. கவிமணி பிறந்த தேரூரின் குளத்தை உலகம் பெருமையோடு குறித்து வைத்திருக்கிறது. அதன் கரையில் குப்பை கொட்டுவது நம்மவர்தான்.

நாளை வைத்துக்கொண்டு இடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நாள் வெறும் கூட்டமாகிவிடும். வியாழக்கிழமை மண்வெட்டியைக் கீழே வைக்கும் அசாந்தே விவசாயிக்கு அந்த நாளில் ஓர் இழப்பு இருக்கிறது, ஒரு நாள் கூலி, ஒரு நாள் வேலை. அந்த இழப்புதான் அவன் தரும் காணிக்கை. நாம் பாலையும் பணத்தையும் தருகிறோம். வேலையை நிறுத்துவதில்லை, வெட்டுவதை நிறுத்துவதில்லை. ஒடிசாவில் ஆனி மாத வாக்கில் ரஜ பர்வம் என்ற மூன்று நாள் விழாவில், பூமித்தாய் தீட்டாக இருக்கிறாள் என்று ஏர் பூட்டுவதில்லை. மலபாரில் மகர மாதக் கடைசியில் உச்சாறல் அதேபோன்றது. நம் பக்கத்தில் அமாவாசையன்று மாட்டைப் பூட்டாத வழக்கம் இருந்தது. ஏரும் போய் மாடும் போனபின் அந்த வழக்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. டிராக்டருக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் நாம் எந்த அமாவாசையையும் ஏற்படுத்தவில்லை. ஆயுத பூசையன்று அவற்றுக்குச் சந்தனம் வைத்து ஒரு நாள் நிறுத்துகிறோமே, அந்த மரபு இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதிலிருந்து தொடங்கலாம்.

அதனால் உங்களிடம் சில கோரிக்கைகளை வைக்கிறேன். கொடை நடத்தும் ஊர்வகைக் கமிட்டிகள், குடியழைப்புக்கு முந்தின வாரம் ஊர்க்குளத்தைத் தூர்வாரி, கரையில் குப்பை எடுத்து, அதையும் கொடைக்கணக்கில் ஒரு செலவாக எழுதுங்கள். கால் நாட்டும் நாளிலிருந்து கொடை முடியும் வரை ஊர் எல்லைக்குள் மரம் வெட்டுவதில்லை, மண் அள்ளுவதில்லை என்று தீர்மானம் போடுங்கள். தெய்வத்தின் பெயரால் போட்ட தீர்மானத்தை ஊரில் யாரும் லேசில் மீறமாட்டார்கள். காவு மிச்சமிருக்கும் வீட்டார் அதற்கு ஓடு பதிக்காதீர்கள், சருகைக் கூட்டாதீர்கள், கொடியை அறுக்காதீர்கள். பதித்திருந்தால் ஒரு பாகத்தையாவது பெயர்த்தெடுத்து, அங்கே ஓர் ஏழிலைப்பாலைக் கன்றை நடுங்கள். அடுத்த வாவுபலியில் அந்தக் கன்றை வாங்கி வாருங்கள்.